சபை கேள்வி – பதில்: தொட்டி முதல் மிஷனரி கடிதம் வரை

பாப்டிஸ்ட் சபைகளின் போதகர்கள், உதவிக்காரர்கள் (டீக்கன்கள்), செயலாளர்கள், பொருளாளர்கள் அனுப்பிய கேள்விகளில் இம்முறை ஞானஸ்நானமும் மிஷனரி ஊழியமுமே அதிகம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: புதிய ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டி கட்டுகிறோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் போதும் என்கிறார் கட்டுகிறவர். போதகர் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன அளவில் கட்டுவது?

போதகர் சொல்வதுதான் சரி. நம் சபைகளில் ஆளைப் பின்னால் சாய்த்து, முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்குகிறோம். ஆள் தண்ணீருக்குள் இருக்கும்வரை அவர் எடையைத் தண்ணீர் தாங்கும். வெளியே வந்த பகுதியின் எடை மட்டுமே போதகரின் கைக்கும் முதுகுக்கும் வரும். ஆழம் குறைவாக இருந்தால் சாய்க்கும்போதும் தூக்கும்போதும் போதகர் குனிந்து முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். ஆழம் நெஞ்சுக்கு மேல் போனாலும் தொல்லைதான். ஞானஸ்நானம் பெறுகிறவரின் கால் தரையை விட்டு மிதக்கத் தொடங்கிவிடும்.

பெரியவர்களுக்கு 1.05 மீட்டர் தண்ணீர் நல்ல அளவு. சுவர் அதைவிட 20 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். இரண்டு பேர் இறங்கினாலே மட்டம் ஏறும், சாய்க்கும்போது அலையும் அடிக்கும். உள்ளளவில் நீளம் 2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். நீளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். குட்டைத் தொட்டிகளில் அடிக்கடி நடக்கும் விபத்து, பின்னால் சாயும்போது தலை சுவரில் இடிப்பது. படி ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர் உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இடம் இருந்தால் இறங்க ஒரு பக்கம், ஏற மறுபக்கம் என்று வையுங்கள். தரைக்கு வழவழப்பான பெரிய டைல்ஸ் வேண்டாம். சின்னச் சின்ன டைல்ஸ் பதித்தால் இடுக்குகள் கூடும், கால் பிடிக்கும்.

இந்த அளவுக்குச் சுமார் 2,520 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது இரண்டரை டன் எடை. மேடை மேலோ மாடியிலோ கட்டுவதாக இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் குழாயில் நிரப்ப ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் ஆகும். தண்ணீரை 10 டிகிரி சூடாக்க 6 கிலோவாட் ஹீட்டருக்கு 5 மணி நேரம் வேண்டும், மூடி போடாவிட்டால் இன்னும் கூடும். 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும்.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தொட்டிக்குள் நின்ற ஒரு பாப்டிஸ்ட் போதகர் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆகவே ஹீட்டரை ஆள் இறங்கும் முன்பு மெயின் சுவிட்சிலேயே அணைத்து, ஒருவரை அதன் அருகே நிறுத்துங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். தண்ணீரில் நிற்பவர் கைக்கு வயர் மைக் எட்டவே கூடாது. மேலிருந்து தொங்கும் மைக்கைக் கை எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். இல்லாவிட்டால் வெளியே நிற்கும் ஒருவர் கேள்விகளை வாசிக்கட்டும்.

ஆராதனை முடிந்த அன்றே தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் கிருமி பெருகும். நிரம்பிய தொட்டியை மூடாமல் விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. சிறு பிள்ளை விழுந்து மூழ்க ஒரு நிமிடக் கவனக்குறைவு போதும்.

கேள்வி: முதல்முறையாக ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறேன். என்னைவிடப் பருமனான ஒருவரும் பட்டியலில் இருக்கிறார். எப்படிப் பிடிக்க வேண்டும், ஐயா?

பலத்தைவிட நிற்கும் விதம்தான் முக்கியம். அவருடைய பக்கவாட்டில், ஒரு காலைச் சற்றுப் பின்னால் வைத்து அகல நில்லுங்கள். அவர் ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் ஒரு கை அவருடைய கைகளைப் பற்றியிருக்கட்டும், மற்றது முதுகின் மேல்பகுதியில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே. கழுத்தைப் பிடிக்க வேண்டாம்.

அவரிடம் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்க வேண்டும். விறைப்பாகக் கட்டைபோல் சாய்கிறவருக்குத்தான் கால் மேலே கிளம்பும். முழங்கால் மடங்கினால் பாதம் தரையிலேயே இருக்கும், எழும்போது அவரே உந்தி எழுவார். முகம் முழுதாக மூடிய உடனே தூக்கிவிடுங்கள், ஒரு விநாடி போதும். ஞானஸ்நான வாசகத்தை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுச் சாய்க்கத் தொடங்குங்கள். பேசிக்கொண்டே சாய்த்தால் எப்போது மூச்சை அடக்குவது என்று அவருக்குத் தெரியாமல் தண்ணீர் குடிப்பார். பருமனானவருக்கு மறுபக்கம் ஒரு உதவிக்காரர் நிற்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் சாயவே பயப்படுகிறவரை முழங்காலிட வைத்து முன்பக்கமாக அமிழ்த்தலாம், அதுவும் முழுக்குதான். ஒருநாள் முன்பே தரையில் இரண்டுமுறை ஒத்திகை பாருங்கள்.

உடை விஷயத்தைச் சகோதரிகளின் பொறுப்பில் விடுங்கள். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடலோடு ஒட்டி உள்ளே தெரியும். தடித்த துணியில் அங்கி தைத்து, கீழ் விளிம்பில் சிறு எடைகள் வைத்துத் தைத்தால் தண்ணீரில் குடைபோல் விரியாது. காது கேட்கும் கருவி, காண்டாக்ட் லென்ஸ் எல்லாம் முன்பே கழற்றப்பட வேண்டும். வலிப்பு நோயோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்கட்டும்.

ஆற்றில் கொடுப்பதாக இருந்தால், அவருடைய தலை நீரோட்டம் வரும் திசையில் சாய வேண்டும். அப்போது தண்ணீர் தலையிலிருந்து காலை நோக்கி ஓடும், மூக்கில் ஏறாது. எழும்போது ஓட்டமே முதுகைத் தள்ளிக்கொடுக்கும். திசை மாற்றிச் சாய்த்தால் நேராக மூக்குக்குள் பாயும். நிற்கப்போகும் இடத்தை அன்று காலையிலேயே கால் வைத்துத் தடவிப் பாருங்கள். மேல்பகுதியில் மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

எண்ணிக்கை அதிகமாக இருந்தால் ஒருவரே எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. 1878 ஜூலை 3 அன்று, ஆந்திராவின் ஓங்கோல் பகுதியில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் பொறுப்பில் நடந்த அந்த நிகழ்ச்சியில் ஆறு போதகர்கள் இருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் தண்ணீரில் நிற்க, களைத்ததும் அடுத்த இருவர் இறங்கினார்கள். ஒழுங்கு இருந்ததால் அவசரமே இல்லாமல் முடிந்தது.

கேள்வி: ஒன்பது வயதுச் சிறுமி ஞானஸ்நானம் கேட்கிறாள். பெற்றோரும் வற்புறுத்துகிறார்கள். குறைந்தபட்ச வயது என்று உண்டா?

பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பொதுவான வயது வரம்பு கிடையாது. தானே விசுவாசித்து அறிக்கையிடுகிறவருக்கே ஞானஸ்நானம் என்பதுதான் அடிப்படை. வயதை அந்தந்தச் சபை தீர்மானிக்கிறது. பிள்ளையிடம் பேசும்போது "ஆம், இல்லை" என்று பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். "இயேசு உன் பாவத்துக்காக மரித்தார் என்று நம்புகிறாயா?" என்றால் ஞாயிறு பள்ளிக்கு வரும் எந்தப் பிள்ளையும் "ஆம்" என்றுதான் சொல்லும். "ஏன் ஞானஸ்நானம் எடுக்க நினைக்கிறாய்?", "உன் தோழி கேட்டால் இயேசுவைப் பற்றி என்ன சொல்வாய்?" என்று கேட்டு, பேசவிட்டுக் காத்திருங்கள். பெற்றோர் அருகில் இருக்கட்டும், ஆனால் அவர்கள் பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தோழிகள் எடுத்தார்கள், பாட்டி ஆசைப்படுகிறார் என்ற அளவிலேயே பதில் நின்றால், "இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் மாதம் ஒருமுறை தொடர்ந்து பேசுங்கள். விசுவாசம் உண்மையானால் காத்திருப்பதால் குறைந்து போகாது.

கேள்வி: எங்கள் சபை தாங்கும் மிஷனரி குடும்பத்தின் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. ஆறு பக்கம் வருகிறது. சபை மடலில் எப்படிப் போடுவது?

முதலில் அவர்களுக்கே அன்போடு எழுதிக் கேளுங்கள்: ஒரு பக்கம், 300 வார்த்தைகளுக்குள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எட்டு மாதம் மௌனமாக இருந்துவிட்டு ஆறு பக்கம் எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது.

நல்ல கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கும். ஒன்று, போன கடிதத்தில் ஜெபிக்கக் கேட்ட காரியங்கள் என்னவாயின என்ற பதில். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விசா கிடைக்க ஜெபித்த சபைக்கு, கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலே போகிறது. அடுத்த குறிப்புக்கு யாருக்கும் ஜெபிக்கத் தோன்றுவதில்லை. இரண்டு, ஒரே ஒரு சம்பவம், விவரமாக. மூன்று, நாள் குறித்த ஜெபக் குறிப்புகள், மூன்றுக்கு மேல் வேண்டாம். "ஊழியம் ஆசீர்வதிக்கப்பட ஜெபியுங்கள்" என்பது ஒரு குறிப்பே அல்ல. "15-ஆம் தேதி மொழித் தேர்வு, வாய்மொழிப் பகுதி கடினம்" என்று எழுதினால் அன்று காலை ஒரு பாட்டி அதை நினைத்து முழங்காலில் நிற்பார்.

எண்ணிக்கைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள், கை உயர்த்தியவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், சபையில் நிலைத்திருப்பவர்கள் – நான்கும் நான்கு வெவ்வேறு எண்கள். "500 பேர் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று கடிதத்தில் வந்தால், அச்சில் போடும் முன் இந்த நான்கில் எது என்று கேட்டு எழுதுங்கள். கேட்பது அவிசுவாசம் ஆகாது. காணிக்கை கொடுக்கிறவருக்கு நாம் கடன்பட்ட நேர்மை அது.

பாதுகாப்பும் உண்டு. சுவிசேஷ ஊழியத்துக்குத் தடையுள்ள நாடுகளிலிருந்து வரும் கடிதத்தில் ஊர்ப்பெயர், உள்ளூர் விசுவாசிகளின் பெயர், "மிஷனரி" என்ற சொல் எதுவும் சபை இணையதளத்திலும் முகநூலிலும் வரவே கூடாது. அதே கடிதத்துக்கு இரண்டு வடிவம் வையுங்கள்: அங்கத்தினருக்குத் தாளில் ஒன்று, பொதுவெளிக்கு விவரம் நீக்கிய ஒன்று. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் பதிந்திருக்கலாம், அதை நீக்கிய பிறகே பகிருங்கள். புதிதாக விசுவாசித்தவர் முகம் தெரியும் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. படம் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்து கொடுத்தால்தான் அது சம்மதம். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. திரும்பி வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, சபையைக் கூடிவரச் செய்து நடந்ததை எல்லாம் அறிவித்தது (அப்போஸ்தலர் 14:27). ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது ஆராதனை நேரத்திலேயே பத்து நிமிடம் மிஷனரி செய்திக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு ஊழியரைத் தாங்குகிறோம். ஒருவருக்குக்கூட அவர் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று சபைக் கூட்டத்தில் சிலர் சொல்கிறார்கள்.

இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார். முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால், 1800 டிசம்பர் 28 அன்றுதான் செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஒரு தச்சர். தோள்மூட்டு விலகி வலியோடு வந்தவருக்கு மருத்துவர் ஜான் தாமஸ் மூட்டைச் சரிசெய்தபோதுதான் அந்தத் தொடர்பே ஏற்பட்டது. ஏழு வருடம்! பர்மாவுக்கு 1813-ல் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுக்கும் முதல் ஞானஸ்நானம் 1819-ல்தான். இங்கிலாந்துச் சபைகள் ஐந்தாம் வருடம் கேரியை விட்டுவிட்டிருந்தால் 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு வந்திருக்காது.

ஆனால் "கேரிக்கும் ஏழு வருடம் ஆனது" என்று சொல்லி எதையும் கேட்காமல் இருப்பதும் தவறு. அந்த வருடங்களில் கேரி மொழி படித்துக்கொண்டும் மொழிபெயர்த்துக்கொண்டும் இருந்தார். உங்கள் ஊழியரிடமும் அப்படிக் கேளுங்கள்: மொழி எந்த அளவுக்கு வந்திருக்கிறது, வாரத்தில் எத்தனை வீடுகளுக்குப் போகிறார், யாரோடு தொடர்ந்து வேதம் வாசிக்கிறார், என்ன தடை. இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் தாங்குவதை நிறுத்தாதீர்கள். பதில்கள் வருடாவருடம் மழுப்பலாகவே இருந்தால், நிறுத்தும் முன் இருவரை அனுப்பி நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். பணத்தைத் திடீரென்று வெட்டினால் ஒரு குடும்பம் வாடகை கொடுக்க முடியாமல் அந்நிய ஊரில் நிற்கும். நிறுத்துவது என்று முடிவானாலும் ஆறு மாத அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: மிஷனரிக்கு வாகனம் வாங்க விசேஷக் காணிக்கை எடுத்தோம். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது. மீதியை ஆலயக் கூரை பழுதுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கே அந்தப் பணம். கொடுத்தவர்களின் நோக்கத்தை உதவிக்காரர் குழு தானாக மாற்ற முடியாது. சபைக் கூட்டத்தைக் கூட்டி மீதி எவ்வளவு என்று சொல்லுங்கள். அதே மிஷனரியின் வேறு தேவைக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றலாம். திருப்பிக் கேட்கிறவருக்குத் திருப்பிக் கொடுங்கள். அறக்கட்டளைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், தணிக்கையாளரையும் கேளுங்கள். அடுத்தமுறை அறிவிப்பிலேயே ஒரு வரி சேருங்கள்: "தேவைக்கு மேல் சேரும் தொகை பொது மிஷனரி நிதிக்குப் போகும்." அந்த ஒரு வரி பல மனஸ்தாபங்களைத் தவிர்க்கும்.

போதிய அளவு சேர்ந்ததும் "போதும்" என்று அறிவிக்கும் தைரியமும் வேண்டும். 1812 மார்ச்சில் செராம்பூரில் கேரி குழுவினரின் அச்சகம் தீயில் எரிந்தது. எது எது போயிற்று என்று விவரமாக எழுதிய செய்தி இங்கிலாந்து சேர்ந்ததும் சில வாரங்களிலேயே இழப்பை ஈடுகட்டும் பணம் குவிந்தது. கேரியை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர், இனி வேண்டாம் என்று தெரிவித்துவிட்டார். அப்படிச் சொன்ன சங்கம் மறுமுறை கேட்கும்போது யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அனுப்பும் தொகைக்குக் கணக்கேட்டில் மூன்று எண்கள் எழுதுங்கள்: நாம் அனுப்பியது, வங்கிக் கட்டணம், அங்கே அவர்கள் கையில் சேர்ந்தது. மூன்றாவதை மிஷனரியிடமே எழுத்தில் வாங்க வேண்டும். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பியது வந்து சேர்ந்ததைப் பவுலே எழுதித் தெரிவித்தார் (பிலிப்பியர் 4:18). காணிக்கை எண்ணுவது ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர். எண்ணிய தாளில் இருவரும் கையெழுத்து. பணம் யார் வீட்டுக்கும் போகாமல் அடுத்த வேலைநாளில் வங்கிக்கு.

கேள்வி: வாலிபர் குழு இரண்டு வாரம் மிஷன் களத்துக்குப் போய் அங்கே சுவர் கட்டிக்கொடுக்க விரும்புகிறது. அனுப்பலாமா?

அங்கிருக்கிற சபை சுவர் கேட்டதா? அதை முதலில் பாருங்கள். கொத்து வேலை தெரியாத பத்து வாலிபர்கள் போய்க் கட்டும் சுவரை, அவர்களுடைய பயணச் செலவில் ஒரு பங்கைக் கொண்டு அங்குள்ள கொத்தனார்களே கட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும். அங்குள்ளவர்களால் செய்ய முடியாத, உங்கள் குழுவில் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை இருந்தால் அனுப்புங்கள்: பல் மருத்துவம், கணக்குப் பயிற்சி, கணினிப் பழுது. குழு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், விருந்தோம்பும் குடும்பம் திணறும். ஆறு மாதம் முன்பே அவர்களிடம் தேதியைக் கேட்டு உறுதி செய்யுங்கள். அநாதை இல்லங்களுக்கு விளையாட்டுக் காட்டப் போகும் திட்டத்தைக் கைவிடுங்கள். வந்து வந்து பிரியும் அந்நியர்களால் அந்தப் பிள்ளைகளின் மனம் மேலும் காயப்படும்.

கேள்வி: பழைய துணிகள் சேகரித்து அனுப்பலாமா?

கேட்டால் மட்டும், கேட்ட அளவுகளில் மட்டும். சுங்கத்தில் மாட்டிய பெட்டிகளை மீட்க மிஷனரி தன் சம்பளத்திலிருந்து கட்டும் நிலை வரக்கூடும்.

கேள்வி: சபைக் கூட்டத்துக்குக் கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய எண்ணிக்கை) சேர்வதே இல்லை. 180 அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று எங்கள் விதி. 40 பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது?

விதியைத் தொடுவதற்கு முன் அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அந்த 180-ல் ஊர் மாறிப் போனவர்கள், வேறு சபையில் சேர்ந்தவர்கள், காலமானவர்கள் எத்தனை பேர்? பட்டியலைத் திருத்தினால் 115 என்று வரலாம். அப்போது 39 பேரே கோரம். பெயரை நீக்கும் முன் ஒவ்வொருவரையும் ஒரு உதவிக்காரர் தொடர்புகொள்ள வேண்டும், நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. பல வருடம் கழித்து அப்படிப் போன ஒரு சந்திப்பில் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

கூட்டத்தை இரண்டு ஞாயிறு முன்பே அறிவித்து, நிகழ்ச்சி நிரலையும் கணக்கு அறிக்கையையும் கையில் கொடுத்துவிடுங்கள். ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், ஆராதனையோடு ஒட்டியே நடத்துங்கள். வேறு சபைக்கு மாறியவர் அங்கத்தினர் கடிதம் (அங்கத்துவத்தை அந்தச் சபைக்கு மாற்றும் கடிதம்) கேட்டால், அடுத்த கூட்டத்திலேயே தீர்மானித்து அந்தச் சபைக்கே நேரடியாக அனுப்பிவிடுங்கள். அவர் கையில் கொடுத்தால் பைபிளுக்குள்ளேயே தங்கிவிடும், இரண்டு பதிவேட்டிலும் பெயர் தொடரும்.